ஷிப்ட் குறைந்த வீட்டுக்கு வாரக் கணக்கு: முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைதோறும் கைக்கு வருகிறது. வாடகை மாதம் ஒருமுறை. கேஸ் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. பள்ளிக்கூடப் பணம் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை. ஒன்றரை ஷிப்ட் ஓடும் வரை இந்த நாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவது யாருக்கும் தெரியாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு பல பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் குறைந்தது. அப்போதுதான் அந்த ஓட்டை கண்ணில் பட்டது.

எங்கள் மகளிர் குழுவில் நான் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அந்த மாதங்களில் பல வீடுகளின் நோட்டை நானும் சேர்ந்து எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். வருமானம் குறைந்ததும் முதலில் காய்கறியையும் முட்டையையும் பாலையும் குறைத்தார்கள். வட்டியை யாரும் தொடவில்லை. இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. வாரச் சம்பளம் வாங்கும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். மாதச் சம்பளக்காரர்கள் மூன்றாவது படியை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கோடு போட்ட நோட்டு ஒன்று. கடைசி ஆறு வாரச் சம்பளச் சீட்டு, சீட்டு தராத இடமென்றால் ஞாபகத்தில் இருக்கும் ஷிப்ட் எண்ணிக்கை. கேஸ் வாங்கிய தேதி, கரண்ட் பில் அல்லது வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த ரீடிங். எல்லாக் கடன் அட்டையும் பாஸ்புக்கும். ரேஷன் கார்டு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைகளின் பட்டியல், இதை வங்கியின் மொபைல் செயலியிலோ பாஸ்புக் பதிவிலோ பார்க்கலாம்.

நகைச் சீட்டையும் எடுங்கள். அடகில் இருக்கும் நகை எங்கே இருக்கிறது, கெடு எப்போது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதைப் பல இடங்களில் பார்த்தேன்.

உட்காருவது ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு. சனிக்கிழமை இரவு வேண்டாம். வேலை முடிந்து வந்த களைப்பில் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது யார் செலவு செய்தார்கள் என்ற சண்டையில்தான் முடியும். சம்பாதிக்கும் எல்லோரும் உட்கார வேண்டும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் வையுங்கள். வீட்டில் என்ன நடக்கிறதென்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். மறைத்தால் இன்னும் அதிகமாகத்தான் பயப்படுவார்கள்.

2. வரவை எழுதுங்கள், குறைந்த வாரத்தை வைத்து

ஆறு வாரச் சம்பளத்தையும் வரிசையாக எழுதி, அதில் மிகக் குறைந்த தொகையை வட்டமிடுங்கள். அதுதான் உங்கள் வரவு. சராசரி போடாதீர்கள். சராசரியை வைத்துச் செலவைத் திட்டமிட்டால் ஏறத்தாழ பாதி வாரங்களில் பணம் போதாது. அந்த வாரங்களில்தான் தினத் தவணைக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரர் வாசலுக்கு வருவார்.

ஓர் உதாரணக் கணக்கு எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதையே தொடரலாம். அவர் டெய்லர், ஷிப்டுக்கு 560 ரூபாய். அவருடைய மனைவி செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை, ஷிப்டுக்கு 400. இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட், ஆறு நாள் ஓடியபோது வாரம் 8,640 வந்தது. இப்போது ஆளுக்கு ஐந்து ஷிப்ட்தான். 2,800 கூட்டல் 2,000, வாரம் 4,800.

வரவில் சேர்க்கக் கூடாதவை மூன்று. கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ் கடன், அது வருமானம் ஆகாது. தீபாவளி போனஸ் கைக்கு வரும் வரை இல்லாததுதான். ஐந்தாவது சனிக்கிழமைச் சம்பளத்தையும் இதில் கலக்காதீர்கள். வருடத்தில் நான்கைந்து மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வரும். நாம் மாதத்துக்கு நான்கு என்றே கணக்குப் போடுகிறோம். அந்த ஐந்தாவதுக்குக் கடைசியில் ஒரு வேலை இருக்கிறது.

மகளிர் உரிமைத்தொகை வருகிற வீடு அதைத் தனி வரியில் எழுதட்டும். வாரக் கணக்கில் கரைத்துவிட்டால் எங்கே போனதென்றே தெரியாது.

3. மாதச் செலவை வாரத்துக்கு மாற்றுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வாடகை ஐந்தாம் தேதி என்றால் முதல் சனிக்கிழமைச் சம்பளம் முழுதும் அதற்கே போய்விடும். அந்த வாரம் சாப்பாட்டுக்குக் கடன். அடுத்த வாரம் அந்தக் கடனைக் கட்டிவிட்டு மறுபடி கடன். பணம் போதாமல் வந்த கடன் இல்லை இது, தேதி ஒத்துவராமல் வந்தது.

வாடகை 4,500 என்றால் நான்கால் வகுத்து வாரம் 1,125. கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 900 ரூபாய், ஆறு வாரம் வருகிறது என்றால் வாரம் 150. லைன் வீட்டில் (வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் வீடு) கரண்டுக்கு மாதம் 600 என்றால் வாரம் 150. போன் ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒருமுறை என்பதால் அது சரியாக நான்கு வாரம்தான். இரண்டு போனுக்கு 600 என்றால் வாரம் 150. இந்த 28 நாள் கணக்கால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.

அரிசி, பருப்பு, காய், பால், எண்ணெய், சோப்பு வரை வாரம் 1,500. வேலைக்குப் போய்வர பெட்ரோல், பஸ் 200. பள்ளிக்கூடத்துக்கு 150. மாத்திரைக்கு 100. எல்லாம் கூட்டினால் 3,525.

4,800-இல் 3,525 போக மீதி 1,275. கடனுக்குக் கட்ட உங்களிடம் இருப்பது இவ்வளவுதான். இந்த எண் தெரியாமல் எந்தக் கடன்காரரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

4. ஏழு நாள் மட்டும் எழுதிப் பாருங்கள்

மேலே போட்டது ஞாபகத்தில் இருந்து எழுதிய கணக்கு. உண்மை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் அதேதான் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு ஞாயிறிலிருந்து அடுத்த சனி வரை செலவாகும் ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள். அந்த வாரம் எதையும் குறைக்காதீர்கள். குறைத்துக்கொண்டே எழுதினால் வழக்கமான வாரம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே போய்விடும்.

"இதையெல்லாமா எழுதறது அக்கா?" என்று கேட்பார்கள். டீக்கடை 15 ரூபாயையும் எழுதத்தான் வேண்டும். ஜிபேயில் போவதை வார இறுதியில் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், யாருக்கு எதற்கு அனுப்பியது என்று பாதி மறந்திருக்கும். அன்றன்று இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும்.

"மளிகை 900" என்று ஒரே வரியில் எழுதுவதும் தவறு. அதற்குள் அரிசியும் இருக்கும், பாக்கெட் தின்பண்டமும் சாஷே ஷாம்பூவும் இருக்கும். பின்னால் குறைக்க வேண்டி வரும்போது எதைக் குறைப்பதென்று தெரியாமல் பருப்பைக் குறைப்பீர்கள்.

5. கடனை வட்டி வாரியாக அடுக்குங்கள்

இதற்குப் பொறுமையாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டைக் காப்பாற்றும் பணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

நோட்டில் ஒவ்வொரு கடனுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள். பாக்கி எவ்வளவு, வாரத்துக்கு எவ்வளவு கட்டுகிறோம், வருட வட்டி எத்தனை சதவீதம், கட்டாவிட்டால் என்ன ஆகும். மூன்றாவதில்தான் எல்லோரும் நிற்பார்கள், ஏனென்றால் நம் ஊரில் வட்டியை யாரும் வருடக் கணக்கில் சொல்வதில்லை.

மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். ஐந்து வட்டி 60, பத்து வட்டி 120. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் பல வங்கிகளில் மாதம் மூன்றரை சதவீதம் அளவில் வரும், அதுவே வருடத்துக்கு 42. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நகைக்கடன் பெரும்பாலும் வருடத்துக்கு 9 முதல் 12 சதவீதத்துக்குள் கிடைக்கும்.

தண்டல் கணக்கு கொஞ்சம் மறைவானது. 10,000 ரூபாய் தண்டல் என்று எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000-மும் நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை, தினமும் குறைந்துகொண்டே வருகிறது. பாதி நாள் போனால் பாதிப் பணம்கூட உங்களிடம் இல்லை. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 75 சதவீதத்துக்கும் மேல் வருகிறது.

இன்னொன்று முக்கியம். தண்டலில் வட்டியை முன்னாடியே பிடித்துவிட்டதால், மீதியை ஒரே தடவையில் கட்டி முடித்தாலும் வட்டி திரும்பி வராது. அதனால் தண்டலை முன்கூட்டி அடைப்பதில் மிச்சம் இல்லை, வாரத்துக்கு 700 ரூபாய் கை நெருக்கடி குறைவது மட்டும்தான் லாபம். வீட்டைக் கவிழ்ப்பது பாதி கட்டியதும் "புதுசா போட்டுக்கோங்க" என்று பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு கொடுக்கும் அடுத்த தண்டல்தான். அதை மறுத்துவிடுங்கள். மூன்று வட்டிக் கடன் அப்படி இல்லை. அதை அடைத்த நாளிலிருந்து வட்டி நிற்கும். முதலில் அடைக்க வேண்டியது அதுதான்.

நம் உதாரண வீட்டின் கடன் இது. தண்டல் வாரம் 700, இன்னும் 40 நாள் பாக்கி, அதாவது 4,000. மூன்று வட்டிக்கு வாங்கிய 20,000, மாத வட்டி 600, வாரத்துக்கு 150. குழுக் கடன் வாரம் 450. பைக் இ.எம்.ஐ. மாதம் 2,400, வாரத்துக்கு 600. மொத்தம் 1,900. கையில் இருப்பது 1,275. வாரத்துக்கு 625 ரூபாய் பள்ளம்.

இந்த 625-ஐச் சாப்பாட்டில் இருந்து எடுக்கத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். 1,500-இல் இருந்து 625 எடுத்தால் நான்கு பேர் என்ன சாப்பிடுவது?

வீட்டில் அரைப் பவுன் மோதிரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 24,000-க்கு வைத்து, மூன்று வட்டி 20,000-ஐயும் தண்டல் 4,000-ஐயும் அடைக்கலாம். பத்து சதவீத வட்டி என்றால் மாதம் 200, வாரத்துக்கு 50. இப்போது கடனுக்கு வாரம் போவது 50, 450, 600, மொத்தம் 1,100. 1,275-இல் 175 மிச்சம். காய்கறியை யாரும் தொடவில்லை.

இதற்கு மூன்று நிபந்தனை. அடைத்த கடனை மறுபடி வாங்கக் கூடாது. பாண்டு பேப்பர், கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள், காசோலை எது கொடுத்திருந்தாலும் அதே நாளில் திரும்ப வாங்க வேண்டும். நகையின் கெடு தேதியைச் சுவர்க் காலண்டரில் பெரிதாக எழுத வேண்டும். மிச்சமாகும் 175 நகைக்கடன் அசலுக்குத்தான். வட்டி மட்டும் கட்டிக்கொண்டே போனால் மோதிரம் வீட்டுக்கு வராது.

நகை இல்லாத வீடு குழுவின் உள்கடன், அதாவது குழுச் சேமிப்பிலிருந்து தரும் கடன், கேட்கலாம். அதுவும் முடியாவிட்டால் கடன் கொடுத்தவரிடம் தவணை தவறும் முன்பே போய்ப் பேசுங்கள். "வாரம் இவ்வளவுதான் முடியும்" என்று எண்ணோடு போகிறவரின் பேச்சுக்கு மரியாதை இருக்கும். தவறிய பிறகு போனால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

வங்கியில் தவணையைத் தள்ளிப்போட வாய்ப்புக் கிடைத்தால், அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடுமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி தவணைக்கு விலக்கு அளிக்க அனுமதித்தபோது வட்டி நிற்கவில்லை. தள்ளிப்போட்டவர்களுக்குக் கடன் முடியும் காலம் நீண்டது அல்லது தவணை கூடியது. அரிசி வாங்க வழியில்லாத மாதத்தில் தள்ளிப்போடுவது சரி. கட்ட முடிகிறபோது தள்ளிப்போடாதீர்கள்.

இ.எம்.ஐ. பிடிக்கும் நாளுக்கு முந்தின நாளே கணக்கில் பணம் இருக்க வேண்டும். பிடிக்கப் பார்த்துப் பணம் இல்லாவிட்டால் வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்த நிறுவனமும் போடும். ஒரே தவறுக்கு இரண்டு தண்டம்.

போன் செயலியில் பத்து நிமிடத்தில் கடன் தருகிறேன் என்று வரும் எதையும் தொடாதீர்கள். போனில் இருக்கும் எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி மிரட்டுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். வட்டிக்காரர் வீட்டு வாசலில் நின்று மிரட்டினாலும் பயந்து அடுத்த கடன் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் அநியாய வட்டி வசூலிப்பதைத் தடுக்க 2003-இலேயே சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டிய தொகையைத் தேதியோடு எழுதி வைத்த நோட்டு அப்போது கைகொடுக்கும்.

6. சனிக்கிழமை யாருக்கு முதலில்

பணம் கைக்கு வந்ததும் பிரிக்கும் வரிசையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நான் சொல்லும் வரிசை இது: சாப்பாடு, வாடகைப் பங்கு, மாத்திரை, வேலைக்குப் போகும் செலவு. அப்புறம் கேஸும் கரண்டும். அப்புறம் கடன். கடைசியில் மற்றவை.

கடனை ஏன் இவ்வளவு கீழே வைத்தேன் என்று குழுவிலேயே என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. மரியாதை போய்விடுமே என்று கவலை. அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தவணை கட்டிய வீடு இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு அதைவிடப் பெரிய கடன் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோலுக்குப் பணமில்லாமல் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் 560 ரூபாய் போச்சு. சம்பாதிக்கிற உடம்பும் வேலைக்குப் போகிற வழியும் இருந்தால்தான் கடனைக் கட்ட முடியும்.

7. இப்போது குறையுங்கள்

இவ்வளவும் முடித்த பிறகுதான் செலவைக் குறைக்க வேண்டும். ஏழு நாள் நோட்டை எடுத்து, வீட்டில் யாருக்கும் வயிறும் உடம்பும் படிப்பும் பாதிக்காத வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

முதலில் கேட்டால் கிடைப்பதைக் கேட்டு வாங்குங்கள். தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள் பலர், கார்டு ஊரில் இருக்கிறதே என்று ரேஷன் வாங்காமலே இருக்கிறார்கள். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக் கார்டுக்கு மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். அரிசி கார்டு என்றால் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுத்து வருகிறார்கள். வெளிக்கடை விலையோடு வைத்துப் பாருங்கள், மாதம் 200 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். மாதக் கடைசிக்கு விடாமல் முதல் பாதியிலேயே போங்கள், பருப்பும் எண்ணெயும் முதலில் தீரும்.

பெண்கள் ஏறும் பஸ்ஸைத் தேர்ந்தெடுப்பதிலும் பணம் இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை. பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் ஷேர் ஆட்டோ காசு மிச்சம். அரசு தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை காலை உணவை அங்கேயே சாப்பிடட்டும், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கரண்ட் சொந்த மீட்டராக இருந்தால் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகையில் ஒரு பகுதி போய்விடும், ஒரே யூனிட்டில் பில் சட்டென்று கூடும். அதனால் ரீடிங் எடுக்க வரும் வாரத்துக்கு முன்பே மீட்டரைப் பாருங்கள். லைன் வீட்டில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார் என்றால் இந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது. உங்கள் போர்ஷனுக்குத் தனி மின்வாரிய மீட்டர் உண்டா என்று அடுத்த வீடு பார்க்கும்போது கேட்பது நல்லது, வாடகை 200 கூட இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரீசார்ஜில் ஒரு போனுக்கு மட்டும் நெட் வைத்துக்கொண்டு, மற்றதற்குப் பேச மட்டும் போதுமான திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு நாள் நோட்டில் எனக்கு அதிகம் கண்ணில் பட்டது மாலை நேர வெளித்தீனி. வேலை முடிந்து பசியோடு வரும் வழியில் இரண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிடும் போண்டாவும் டீயும் வாரத்துக்கு 300-ஐத் தொடுகிறது. அதை நிறுத்து என்று சொன்னால் நடக்காது, பசி உண்மை. காலையிலேயே கொஞ்சம் சுண்டலோ வேர்க்கடலையோ வேகவைத்து டப்பாவில் கொடுத்து அனுப்பினால் நடக்கிறது.

தொடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் முட்டை, பருப்பு. பிரஷர், சுகர் மாத்திரை. அதை அரசு மருத்துவமனையிலோ மக்கள் மருந்தகத்திலோ மாற்றி வாங்கலாம், நிறுத்தக் கூடாது. வருடத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கிலிருந்து மே மாதக் கடைசியில் பிடிப்பார்கள், அந்தச் சமயத்தில் கணக்கைக் காலியாக வைக்காதீர்கள்.

தொழிலாளர் காப்பீட்டுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனி என்றால் இன்னொன்று. நோயில் படுத்தால் பாதிக்கு மேல் சம்பளம் கிடைக்கும் உதவிக்கு, ஆறு மாதக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். ஷிப்ட் குறையும்போது இந்த நாள் கணக்கு குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனிகளில் மாறி மாறிப் போகிறவர்கள் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே புது இடத்திலும் கொடுங்கள்.

8. டப்பாவில் பிரித்து வையுங்கள்

நோட்டில் எழுதிய கணக்கு நடைமுறைக்கு வர, பணம் கண்ணுக்குத் தெரியும்படி பிரிந்திருக்க வேண்டும். நான்கு டப்பா போதும். சாப்பாடு, வாடகை, கேஸ்-கரண்ட்-பள்ளி, கடன். எட்டு பத்து டப்பா வைத்தவர்கள் மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டார்கள்.

சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதென்றால் வாடகைப் பங்கையும் கடன் பங்கையும் கணக்கிலேயே விட்டு, சாப்பாட்டுக்கான 1,500-ஐ மட்டும் நோட்டாக எடுங்கள். டப்பாவில் 400 இருக்கிறது, இன்னும் மூன்று நாள் என்று கண்ணால் பார்க்கும்போது கை தானாக அடங்கும். போனில் இருக்கும் பணத்துக்கு அந்த எல்லை தெரியாது, வாடகைக்கு வைத்ததும் அதிலேயே கரைந்துவிடும்.

ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதி எடுத்த டப்பாவில் போடுங்கள். எடுப்பது தப்பில்லை. எழுதாமல் எடுத்தால் வாடகை நாளில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல நேரும்.

9. மொய், சீட்டு, பண்டிகை

அடுத்த ஆறு மாதத்தில் வரும் கல்யாணம், காதுகுத்து, சீர் எல்லாவற்றையும் இப்போதே எழுதுங்கள். திரும்பச் செய்ய வேண்டிய மொய் கடன்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் புதிதாகப் பெரிய மொய் தொடங்குவதை நிறுத்தலாம். தூரத்துச் சொந்தத்துக்குக் குடும்பத்தோடு போவதற்குப் பதில் ஒருவர் போய் வந்தால் பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் தப்பும். "ஷிப்ட் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். திருப்பூரில் அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இல்லை, எல்லார் வீட்டிலும் அதே நிலைதான்.

ஏலச்சீட்டு எடுத்தாகிவிட்டது என்றால் அது கடன் பட்டியலில் சேரும். இன்னும் எடுக்கவில்லை என்றால், கட்ட முடியாத நிலையில் நடத்துகிறவரிடம் இப்போதே சொல்லி உங்கள் இடத்துக்கு வேறொருவரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பதிவு செய்யாத தீபாவளிச் சீட்டில் நெருக்கடி வருடத்தில் புதிதாகச் சேராதீர்கள். கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக நிற்கும்போது நடத்துகிறவரும் முழித்துக்கொண்டு நிற்பார், பணம் யாரிடம் கேட்பது?

10. வாரம் ஒருமுறை சரிபார்ப்பதும் ஐந்தாவது சனிக்கிழமையும்

ஞாயிறு காலை அரை மணி நேரம் நோட்டைத் திறந்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்த டப்பா முதலில் காலியானது? எந்தக் கடன் எவ்வளவு குறைந்தது? அடுத்த வாரம் வழக்கத்தில் இல்லாத செலவு ஏதாவது வருகிறதா? சாப்பாட்டு டப்பா மூன்று வாரம் தொடர்ந்து புதன்கிழமையே காலியானால் சிக்கனம் போதாது என்று யாரையும் திட்டாதீர்கள். 1,500 என்று போட்ட தொகையே தவறு. அதைக் கூட்டி, வேறு வரியைத் தேடுங்கள்.

ஒரு வாரம் எழுத விட்டுப்போனால் ஞாபகப்படுத்தி நிரப்பிக்கொண்டிருக்காமல் கோடு கிழித்துவிட்டு அந்த நாளிலிருந்து தொடருங்கள். விட்டதை நிரப்ப முடியாமல்தான் பலர் நோட்டையே மூடி வைத்தார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை வரும் மாதத்தில் முதல் நான்கு சம்பளத்திலேயே வாடகையும் கரண்டும் பைக் இ.எம்.ஐ.யும் நகை வட்டியும் முடிந்திருக்கும். அந்தச் சம்பளத்திலிருந்து அந்த வாரச் சாப்பாடு, போக்குவரத்து, மாத்திரை, கேஸ், போன், பள்ளிப் பங்கு, குழுக் கடன் போக மீதி எவ்வளவோ, அதை அஞ்சலகக் கணக்கில் போடுங்கள். நம் உதாரண வீட்டுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வரும். ஷிப்டே இல்லாத ஒரு வாரம் வந்தால் சாப்பாட்டுக்கு அதுதான். தண்டல்காரரைக் கூப்பிடத் தேவையில்லாத முதல் வாரம் அதுவாக இருக்கும்.

ஷிப்ட் மறுபடி கூடும்போது நான்கு சனிக்கிழமை வரை வரவு வரியில் 4,800-ஐ மாற்றாதீர்கள். ஆர்டர் ஒன்று வந்து முடிந்து மறுபடி நின்றுபோனதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நான்கு வாரத்தில் கூடுதலாக வரும் பணத்தை அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள். ஒன்றரை ஷிப்ட் திரும்பிவிட்டால் வாரம் 3,840 கூடுதல், நான்கு வாரத்தில் 15,360. இதுவரை சேர்த்துக் கட்டிய 175-களோடு பாக்கி எட்டாயிரத்துக்கும் கீழே வந்துவிடும். மோதிரம் வீட்டுக்கு வந்த பிறகு வரவு வரியை மாற்றி எழுதலாம்.